வரவுசெலவுத் திட்டத்தில் உங்கள் குளத்தைத் தேடுவது எப்படி?

நாட்டின் வருமானம் சுருங்கும் காலத்தில் அரசு முதலில் கைவைப்பது கட்டுமானம், திருத்தம் போன்ற மூலதனச் செலவில்தான். சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி ஆகிய மீண்டெழும் செலவுகளைத் தள்ளிப்போடுவது கடினம். ஒரு குளக்கட்டின் திருத்த வேலையைத் தள்ளிப்போட்டாலோ அன்றைக்கு எவரும் கேள்வி கேட்பதில்லை. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்தலை இடைநிறுத்தியபின் வந்த சிக்கனமும் இவ்வழியிலேயே சென்றது. ஆகவே வெட்டு எங்கே விழுந்தது என்பதை வன்னியின் கமக்காரர் அமைப்புகள் தாமே கண்டறியப் பழகவேண்டும்.

முதலில், குளம் எவருடைய பொறுப்பு என்பதைத் தெளிவாக்குங்கள். ஏறத்தாழ 200 ஏக்கர் வரை பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், அவற்றிலும் பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களங்களுக்கும் உரியவை. தவறான கதவைத் தட்டினால் ஒரு போகம் போய்விடும்.

பின்னர், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அத்திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. ஒதுக்கப்பட்ட தொகையை மட்டும் கேட்பது போதாது. நெருக்கடிக் காலத்தில் புத்தகத்தில் தொகை அப்படியே இருக்க, திறைசேரியிலிருந்து காசு வராமல் போவதுண்டு. எனவே விடுவிக்கப்பட்ட தொகை, விடுவித்த திகதி, முடிந்த வேலையின் அளவு ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

திகதியை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. குளத்து வேலையோ சிறுபோக அறுவடைக்கும் ஐப்பசி மழைக்கும் இடையிலேயே செய்யக்கூடியது. மார்கழியில் வரும் காசு, கட்டு நனைந்து கிடக்கையில் எதற்கு உதவும்?

தொகைகளை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போதும் ஏமாறாதீர்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்தது. அதே ரூபாய் ஒதுக்கப்பட்டிருந்தாலும் அது வெட்டுத்தான். ரூபாயை விட்டு, எத்தனை கியூப் கிரவல், எத்தனை மீற்றர் கட்டு என்று கணக்கிடுங்கள்.

இவற்றுடன் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். முழுத் தொகையும் கிடைக்காது என்று சொன்னால் வேலையைப் பிரித்துக் கேளுங்கள்: துருசும் (நீர் திறக்கும் மதகு) வானும் (மிகைநீர் வழியும் இடம்) இந்த வருடம், கட்டின்மேல் கிரவல் அடுத்த வருடம்.