ஃபார்மேட்டர் பொருத்தும்போது கிட் வரலாறு கெடாமல் இருக்க

வட்டிக் கணக்கில் ஐம்பது பைசா இடித்தது. அதைத் துருவிக்கொண்டிருந்த, குழுவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் என் மேசைக்கு வந்து, "அண்ணா, இந்த இடத்தில் தொகையை ஏன் கீழ்நோக்கி முழுமையாக்கினீர்கள்?" என்று கேட்டார். அந்த வரியை எழுதியவன் நான் இல்லை. ஆனால் நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில், ஒரு வரியைக் கடைசியாக மாற்றியவர் யார் என்று சொல்லும் பிளேம் கட்டளை என் பெயரைத்தான் காட்டியது. அந்த ஒரு வரிக்கு மட்டுமல்ல, கோப்பில் இருந்த அறுநூறு சொச்சம் வரிகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் என் பெயர், ஒரே தேதி, ஒரே கமிட் (ஒரு தொகுதி மாற்றங்களின் பதிவு). இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிரல் களஞ்சியம் முழுவதும் பிளாக் என்ற ஃபார்மேட்டரை, அதாவது நிரலின் உள்தள்ளல், வரி நீளம் போன்றவற்றைத் தானாக ஒழுங்குபடுத்தும் கருவியை, ஓட்டியிருந்தேன். டேப்பில் இருந்த உள்தள்ளல் எல்லாம் ஸ்பேஸாக மாறியிருந்தது. அதே கமிட்டில் சில கோப்புகளை வேறு கோப்புறைக்கு மாற்றி, சில செயற்கூறுகளுக்கு வேறு பெயரும் வைத்திருந்தேன். உண்மையில் அந்த வரியை எழுதியவர் காரணத்தைக் கமிட் செய்தியில் தெளிவாகவே சொல்லியிருந்தார். அதைக் கண்டெடுக்க எங்கள் இருவருக்கும் அரை நாள் பிடித்தது.

கருவியின் மீது குற்றமில்லை. 2009இல் கோ மொழி வெளிவந்தபோதே கோஃபம்ட் என்ற அதன் ஃபார்மேட்டரும் கூடவே வந்தது. உள்தள்ளல் எப்படி இருக்க வேண்டும் என்ற சண்டைக்கு அந்த மொழிக்காரர்களிடம் இடமே இல்லாமல் போனது. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2017இல் பிரெட்டியரும், பைத்தானுக்கு 2018இல் பிளாக்கும் வந்தன. நிறுவுவதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் ஒவ்வொரு வரியையும் யார், எப்போது, எதற்காக எழுதினார் என்ற கணக்கு கிட்டில் இருக்கிறது. ஃபார்மேட்டர் கை வைப்பது அந்தக் கணக்கில். இதை மறந்துவிட்டு அமைப்புக் கோப்பில் வரி நீளம் எண்பதா நூறா என்று விவாதிப்பதில்தான் பலரும் நேரத்தைச் செலவிடுகிறார்கள்.

நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். முழுக் களஞ்சியத்தையும் ஒழுங்குபடுத்தும் கமிட்டில் கருவி செய்த மாற்றம் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. அமைப்புக் கோப்பைக்கூட அதற்கு முந்தைய கமிட்டில் தனியாகச் சேர்த்துவிடுங்கள். அப்படிச் செய்தால் மறுபார்வை செய்பவர் ஆயிரக்கணக்கான வரிகளைக் கண்ணால் படிக்கத் தேவையில்லை. முந்தைய கமிட்டுக்குப் போய், அதே பதிப்பு ஃபார்மேட்டரைத் தன் கணினியில் ஓட்டி, இரண்டும் ஒன்றா என்று பார்த்தால் போதும். கையால் செய்த ஒரே ஒரு மாற்றம் கலந்திருந்தாலும் இந்தச் சோதனை பயன்படாது.

அந்தக் கமிட்டின் ஹேஷை (அதன் அடையாள எண்ணை) பிளேம் தாண்டிப் போக வேண்டிய பட்டியலில் சேர்ப்பது அடுத்த வேலை. 2019இல் வந்த கிட் 2.23 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. களஞ்சியத்தின் வேர்க் கோப்புறையில் '.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்' என்ற பெயரில் ஒரு கோப்பு வைத்து, சுருக்காத முழு ஹேஷையும் அதில் எழுத வேண்டும். களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப் இந்தப் பெயரைத் தானாகவே கண்டுகொள்ளும். உங்கள் கணினியில் இருக்கும் கிட் கண்டுகொள்ளாது, 'பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்' என்ற அமைப்பில் கோப்பின் பெயரைச் சொல்ல வேண்டும். இதை அந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் சொல்லுங்கள். கணினி முழுமைக்கும் பொதுவாக வைத்தால், அந்தக் கோப்பு இல்லாத மற்றக் களஞ்சியங்களில் பிளேம் பிழை காட்டி நின்றுவிடும். இன்னொரு கண்ணியும் இருக்கிறது. புல் ரிக்வெஸ்டை, அதாவது ஒரு கிளையின் மாற்றங்களை மெயின் கிளையில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையை, ஸ்குவாஷ் முறையிலோ (எல்லாக் கமிட்டையும் ஒன்றாக்குவது) ரீபேஸ் முறையிலோ (கமிட்டுகளை மெயினின் நுனியில் மறுபடி எழுதுவது) இணைத்தால் கமிட்டின் ஹேஷ் மாறிவிடும். கிளையில் இருந்தபோது எழுதி வைத்த ஹேஷ் பிறகு எதையும் குறிக்காது. பிழைச் செய்தியும் வராது. ஆகவே முதலில் இணையுங்கள், பிறகு மெயின் கிளையில் கிடைக்கும் ஹேஷை எடுத்து இரண்டாவது புல் ரிக்வெஸ்டாகச் சேர்த்துவிடுங்கள்.

இனி ஹூக்குக்கு, அதாவது கிட் ஒரு செயலைச் செய்யும்போது தானாக ஓடும் சிறு நிரலுக்கு, வருவோம். கமிட்டுக்கு முன் ஃபார்மேட்டரை ஓட்டும் ஹூக்கைப் பலர் இரண்டே வரியில் எழுதுகிறார்கள்: மாறிய கோப்புகளை ஒழுங்குபடுத்து, பிறகு கிட் ஆட் செய் (அடுத்த கமிட்டுக்குச் சேர்). பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். ஒரு கோப்பில் இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். மேலே ஒரு பிழைத்திருத்தம், முடிந்துவிட்டது. கீழே பாதி எழுதிய புதிய செயற்கூறு, அதில் சோதனைக்காக வைத்த கடவுச்சொல். பகுதி பகுதியாகச் சேர்க்கும் வசதியில் மேலே உள்ளதை மட்டும் தேர்ந்தெடுத்து கமிட் செய்கிறீர்கள். ஹூக் முழுக் கோப்பையும் ஒழுங்குபடுத்தி முழுக் கோப்பையும் சேர்த்துவிடுகிறது. பாதிச் செயற்கூறும் கடவுச்சொல்லும் கமிட்டுக்குள் போய்விடுகின்றன. திரையில் ஓர் எச்சரிக்கைகூட இருக்காது. இதைத் தவிர்க்கத்தான் ப்ரீ-கமிட், லின்ட்-ஸ்டேஜ்டு போன்ற கருவிகள் சேர்க்காத மாற்றங்களை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குகின்றன. ப்ரீ-கமிட் ஒரு படி மேலே போய், கோப்பு மாறினால் கமிட்டையே நிறுத்திவிடும். நீங்கள் பார்த்து மறுபடி சேர்க்க வேண்டும். தொல்லையாக இருக்கிறது என்று சிலர் இதைக் குறைசொல்வதுண்டு. எனக்கு அதுதான் சரியான நடத்தை. நான் பார்க்காத எழுத்து என் பெயரில் கமிட்டாகக் கூடாது.

'.கிட்' கோப்புறைக்குள் இருக்கும் ஹூக்குகள், களஞ்சியத்தை க்ளோன் செய்யும்போது (நகலெடுக்கும்போது) கூட வருவதில்லை. வந்தாலும் 'நோ-வெரிஃபை' என்ற ஒரே சொல்லில் தாண்டிவிடலாம். எனவே ஹூக் ஒரு வசதி மட்டுமே. காவல் சிஐயில், அதாவது களஞ்சியத்துக்கு வரும் மாற்றங்களைத் தானாகச் சோதிக்கும் அமைப்பில், இருக்க வேண்டும். அங்கே சரிபார்க்கும் முறையில் மட்டும் ஓட்டுங்கள். தவறிருந்தால் சிவப்புக் காட்டட்டும். சிஐயே திருத்தி கமிட் போடும்படி வைப்பது எனக்கு உடன்பாடில்லை. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (கிட்ஹப்பின் சிஐ) இயல்பாகக் கிடைக்கும் டோக்கனால் (அனுமதிச் சாவியால்) புஷ் செய்த, அதாவது களஞ்சியத்துக்கு அனுப்பிய கமிட், புஷ்ஷைப் பார்த்து ஓடும் சோதனைகளை மறுபடி தொடங்கிவைக்காது. அப்படியானால் கிளையின் கடைசிக் கமிட் சோதிக்கப்படாததாக நிற்கும்.

பதிப்பைப் பூட்டாமல் விடுவது அடிக்கடி பார்க்கும் இன்னொரு தவறு. 2023இல் வந்த பிரெட்டியர் 3, வரி முடிவில் வரும் காற்புள்ளிக்கான இயல்புநிலையையே மாற்றியது. ஒருவரிடம் 2, இன்னொருவரிடம் 3 என்றிருந்தால் ஒருவர் வைக்கும் காற்புள்ளியை மற்றவர் கமிட்டுக்குக் கமிட் எடுத்துக்கொண்டிருப்பார். பிளாக் தன் பாணி மாற்றங்களை ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரிப் பதிப்பில் வெளியிடுகிறது. எடிட்டர், ஹூக், சிஐ மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். எடிட்டரில் இருப்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

விண்டோஸ் கணினிகள் கலந்த குழுவாக இருந்தால் வரி முடிவுக் குறியை ஒவ்வொருவரின் கிட் அமைப்புக்கும் விடாதீர்கள். '.கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் எழுதிவிட்டு, 'ரீநார்மலைஸ்' வாய்ப்புடன் ஒருமுறை கிட் ஆட் செய்யுங்கள். விண்டோஸின் பேட்ச் கோப்புகளுக்கு மட்டும் விண்டோஸ் வரி முடிவையே குறிப்பிட்டு விலக்கு கொடுங்கள்.

எதைத் தொடக் கூடாது என்ற பட்டியலும் முதல் நாளே வேண்டும். லாக் கோப்புகளையும் (சார்ந்திருக்கும் நூலகங்களின் பதிப்பைப் பூட்டுபவை) தானாக உருவாகும் கோப்புகளையும் எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். தரவுத்தளத்தின் அமைப்பைப் படிப்படியாக மாற்றும் மைக்ரேஷன் கோப்புகள் நினைவுக்கு வராது. அவற்றை ஓட்டும் ஃப்ளைவே கருவி ஒவ்வொரு எஸ்க்யூஎல் கோப்புக்கும் ஒரு செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எண்) வைத்திருக்கிறது. ஏற்கனவே ஓடி முடிந்த கோப்பில் ஓர் உள்தள்ளல் மாறினாலும் அடுத்த முறை சரிபார்ப்பில் நின்றுவிடும். மார்க்டவுன் ஆவணங்களில் வரியின் கடைசியில் இரண்டு ஸ்பேஸ் இருந்தால் அது வரி முறிப்பு. கடைசி ஸ்பேஸ்களை நீக்கும் ஹூக் அதையும் துடைத்துவிடும்.

கடைசியாக, பெரிய கமிட் இணையும் நாளில் திறந்திருக்கும் மற்றவர்களின் கிளைகள். அவற்றை அப்படியே மெயினுடன் மெர்ஜ் செய்யச் (இணைக்கச்) சொன்னால் கோப்பு முழுக்க மோதல்தான். இப்போது எங்கள் குழுவில் வேறு விதமாகச் செய்கிறோம். ஒழுங்குபடுத்தும் கமிட்டுக்கு முந்தைய கமிட்டை முதலில் கிளைக்குள் மெர்ஜ் செய்கிறோம். உண்மையான மோதல்கள் இருந்தால் இங்கேயே தீர்ந்துவிடும். பிறகு அந்தக் கிளையில் அதே பதிப்பு ஃபார்மேட்டரை ஓட்டி கமிட் செய்கிறோம். அடுத்து ஒழுங்குபடுத்திய கமிட்டை 'அவர்ஸ்' உத்தியில் (நம் கிளையில் இருப்பதையே அப்படியே வைத்துக்கொள்ளும் உத்தி) மெர்ஜ் செய்கிறோம். அதன் பிறகு மெயினை வழக்கம்போல மெர்ஜ் செய்யலாம். இத்தனையும் முடிந்து புல் ரிக்வெஸ்டைத் திறந்தால், அந்தக் கிளைக்காரர் எழுதிய மாற்றம் மட்டும் அதில் தெரியும்.