ஆர்எக்ஸ் 100 சைலன்சரில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று கைக்கு வந்தால் போதும், பலருக்கு முதலில் உறுத்துவது சைலன்சர்தான். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான வண்டி. 98 சிசி, 7500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும். அதன் பிக்கப்பை இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்று தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் புல்லட் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்குச் செய்வதையே இந்த டூ ஸ்ட்ரோக் வண்டிக்கும் செய்யப் போய், இருந்த வேகத்தையும் இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் புகைபோக்கும் வால்வு கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டர் சுவரில் உள்ள துளை திறக்கிறது. எரிந்த வாயு வெளியேறுகிறது. அதே நேரத்தில் புதிய பெட்ரோல் கலவையும் உள்ளே வருகிறது. வந்த கலவையில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சருக்குள் ஓடிவிடும். அதைத் திரும்பப் பிடித்துவருவது சைலன்சருக்குள் இருக்கும் கூம்புகளின் வேலை. முதலில் விரியும் கூம்பு ஓர் உறிஞ்சும் அலையைத் திருப்பி அனுப்பி சிலிண்டரைக் காலி செய்கிறது. பின்னால் குறுகும் கூம்பு ஓர் அழுத்த அலையை அனுப்பி, வெளியே ஓடிய கலவையைத் துளை மூடுவதற்குள் உள்ளே தள்ளுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 7500 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடி. அதில் ஏறத்தாழ பாதி நேரம், அதாவது 4 மில்லி விநாடி, துளை திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சூடான புகையில் அலை விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். ஆக, அந்த நேரத்தில் 2 மீட்டர்: போக ஒன்று, வர ஒன்று. சிலிண்டர் வாயிலிருந்து பின்கூம்பு வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தேவைப்படுவது இதனால்தான். அந்த நீளத்தை யாரும் அழகுக்காக வைக்கவில்லை.

இந்த அலைக்கணக்கை ரேஸ் வண்டிகளில் முறையாகப் பயன்படுத்திக் காட்டியவர், கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன். 1961இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டர் கணக்கில் பார்த்தால் 200. அதே ஆண்டு அவருடைய அணியின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாட்டுக்குத் தப்பி, அந்த அறிவோடு சுசுகியில் சேர்ந்தார். 1962இல் சுசுகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. டூ ஸ்ட்ரோக் சைலன்சரின் மதிப்பு அவ்வளவு!

வெட்டுவதும் துளை போடுவதும்

இதெல்லாம் தெரிந்த பிறகு, சைலன்சரைப் பாதியில் அறுத்துவிட்டு ஓட்டுகிறவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பின்கூம்பு போய்விட்டால் கலவையைத் திருப்பித் தள்ள ஆள் இல்லை. சத்தம் மட்டும் கூடும், காது அதை வேகம் என்று நம்பிவிடும். அதனால் காதை நம்பாதீர்கள். ஆளில்லாத ஒரே ரோட்டில், டாப் கியரில் 40இலிருந்து 70 வரை போக எத்தனை விநாடி ஆகிறது என்று மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

பின்முனையில் இருக்கும், சத்தத்தை அடக்கும் குழாயான பேஃபிளை உருவி எறிவதும் இதே ரகம்தான். வெளியேறும் குழாய் ஓர் அளவுக்கு மேல் அகலமானால் உள்ளே அழுத்தம் நிற்காது. அளவுக்குக் கீழே குறுகினால் சூடு தங்கி பிஸ்டனைப் பதம் பார்க்கும்.

உடம்பு சரியில்லாத இன்ஜினுக்குப் புது சைலன்சர்

"பிக்கப் இல்லை" என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்குக் காரணம் வெறும் கரிதான். டூ ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயில் எரிந்து பல வருடக் கரி பேஃபிளிலும் சிலிண்டர் துளையிலும் அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரலாம். அதற்காகச் சைலன்சரை நெருப்பில் போட்டுச் சுடுவது பழைய வழக்கம். குரோம் நீலம் பாய்ந்து உரிந்துவிடும். காஸ்டிக் சோடா கரைசலை ஊற்றி ஒரு இரவு வைத்துக் கழுவலாம். சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாகம் எதிலும் படக் கூடாது, அரித்துவிடும்.

பிஸ்டன் ரிங், ரீட் வால்வு, கிராங்க் ஆயில் சீல் மூன்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சீல் தேய்ந்திருந்தால் அந்த வழியாகக் காற்று புகுந்து கலவையில் பெட்ரோல் குறையும். அந்த நிலையில் எந்த சைலன்சரைப் போட்டாலும் இன்ஜின் தாங்காது.

ஜெட்டைத் தொடாமல் விடுவது

என் கணக்கில் இதுதான் மற்ற எல்லாத் தவறையும்விடப் பெரியது. புது சேம்பர், அதாவது வேறு அளவுக் கூம்புகள் கொண்ட சைலன்சர், போட்டால் இன்ஜின் இழுக்கும் காற்றின் அளவு மாறும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான மெயின் ஜெட் பழைய அளவிலேயே இருந்தால் பெட்ரோல் போதாது. டூ ஸ்ட்ரோக்கில் உயவுக்கு வேண்டிய ஆயிலும் அதே கலவையோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். முழு ஆக்சிலேட்டரில் நீளமாக ஓட்டும்போது பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஹைவேயில் அப்படி ஆனால் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்யும் செலவு பற்றிக் கவலைப்படக்கூட நேரம் இருக்காது.

எப்போதும் பெரிய ஜெட்டில் தொடங்கி ஒவ்வோர் அளவாக இறங்கி வாருங்கள். ஒவ்வொரு முறையும் முழு ஆக்சிலேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து, அந்த நொடியே இன்ஜினை அணைத்து, வண்டியை ஓரங்கட்டி பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிக்கொட்டை நிறம் என்றால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, உடனே ஜெட்டை ஏற்றுங்கள். ஈரக் கறுப்பு என்றால் அதிகம். பாதி ஆக்சிலேட்டர் நிலைக்கு கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி மாற்றிப் பார்ப்பது தனி வேலை, அதையும் விட்டுவிட வேண்டாம்.

ரேஸ் சேம்பரை வீதிக்குக் கொண்டுவருவது

போர்ட்டிங் செய்த, அதாவது சிலிண்டர் துளைகளின் அளவை மாற்றிய, ரேஸ் இன்ஜினுக்காக வடித்த சேம்பர் நீளத்தில் குட்டையாக இருக்கும். நீளம் குறைந்தால் சக்தி வரும் இடம் மேலே ஏறும். நூறு செ.மீ.யில் பத்தைக் குறைத்தால் 7500இல் கிடைத்த உச்சம் சுமார் 8300க்குப் போய்விடும். சரி, போகட்டுமே என்று தோன்றலாம். ஆர்எக்ஸ் 100க்கு நான்கே கியர். ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு மாற்றும்போது ஆர்பிஎம் நன்றாகவே விழும், விழுந்த இடத்தில் புது சேம்பருக்கு உயிர் இருக்காது. சிக்னலில் கிளம்பும்போது முனகும், மேலே போனால் திடீரென்று பாயும். வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு இது ஆகாது. சிலிண்டரில் கை வைக்காதவர், ஸ்டாக் இன்ஜினுக்கென்றே அளவெடுத்துச் செய்த சேம்பரைக் கேட்டு வாங்குவது நல்லது.

மாட்டும்போதும் கவனம் வேண்டும். சிலிண்டர் வாயில் புது பேக்கிங் வைத்து, எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே ஏற்றி, பிறகு சிலிண்டர் பக்கத்தை முறுக்கிவிட்டு, கடைசியில்தான் பின் தாங்கியை முறுக்க வேண்டும். பைப்பை இழுத்துப் பிடித்து மாட்டினால் அதிர்வில் வெல்டிங் விரிசல் விடும். தாங்கியில் உள்ள ரப்பர் புஷ்ஷையும் வீசிவிடாதீர்கள். சிலிண்டரிலிருந்து வளைந்து வரும் பெண்ட் பைப்பில் துணி நாடா சுற்றுவது படத்துக்கு அழகு. மழைக்காலத்தில் உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும்.

கழற்றிய ஒரிஜினல் சைலன்சரை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கடையில் அதே தோற்றத்தில் கிடைக்கும் பலவற்றில் உள்ளே கூம்பு இருக்கும், அளவு இருக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி ஒலி, புகை வரம்பை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். அதோடு, இன்று ஓடும் எல்லா ஆர்எக்ஸ் 100ம் 15 வருடப் பதிவுக் காலத்தைத் தாண்டியவை. 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓவில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அன்றைக்கு மாட்டிக்கொண்டு போக அந்த ஒரிஜினல் வேண்டும். உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு முனையையும் துணியால் அடைத்துப் பரணில் வைத்துவிடுங்கள்.