புயலுக்குப் பின் அறுந்து கிடக்கும் மின்கம்பி

2016 டிசம்பரில் வர்தா புயல் கரையைக் கடந்தபோது, சென்னையில் மரங்களோடு மின்கம்பங்களும் ஏராளமாகச் சாய்ந்தன. தெருவில் அறுந்து கிடக்கும் கம்பியில் தீப்பொறி இல்லை, வீட்டில் விளக்கு எரியவில்லை என்பதற்காக அதில் மின்சாரம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. எந்த நேரத்திலும் மின்சாரம் திரும்ப வரலாம், பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்தும் பாயலாம். கேபிள் டிவி வயராகத் தோன்றினாலும் மின்கம்பியாகவே கருதி, குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நின்று, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

கம்பி விழுந்த இடத்தைச் சுற்றிலும் தரையில் மின்னழுத்தம் பரவியிருப்பதால், அகலக் கால் வைத்தால் இரு பாதங்களுக்கும் இடையிலான வேறுபாடே உடலில் மின்சாரத்தைச் செலுத்திவிடும். ஆகவே, அருகில் சிக்கிக்கொண்டவர் பாதங்களைச் சேர்த்துத் தரையிலிருந்து எடுக்காமல், சிறிது சிறிதாகத் தேய்த்தபடி விலக வேண்டும். ஆட்டோ மீது கம்பி விழுந்தால் உள்ளேயே எதையும் தொடாமல் இருப்பதே நல்லது. தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதவாறு இரு கால்களையும் சேர்த்துக் குதிக்கவும்.

வியாசர்பாடி, கொடுங்கையூர் போன்ற தாழ்வான பகுதிகளில் கம்பியைவிடத் தேங்கிய நீரில் நிற்கும் பில்லர் பாக்ஸுக்கே (தெருவோர மின்விநியோகப் பெட்டி) நான் அதிகம் அஞ்சுவேன். மின்சாரம் தாக்கியவரை, ஈரக் குச்சியால் தள்ள முயலாமல், இணைப்பு துண்டிக்கப்பட்டதை லைன்மேன் உறுதிசெய்த பிறகே தொட்டு, 108-ஐ அழைத்து வரவழைத்த ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள்.