புயலில் சாய்ந்த மரத்தைச் செயின் சாவால் அறுப்பது எப்படி? முதன்முறை மிஷினைத் தொடுபவர்களுக்கு

புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் தெருவில் முதலில் கேட்பது மரம் அறுக்கும் மிஷின் சத்தம்தான். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது சென்னைத் தெருக்களில் கேட்டது. 2018 நவம்பரில் கஜா போன பிறகு டெல்டாவின் தென்னந்தோப்புகளில் கேட்டது. அந்த நேரத்தில் வேலை தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம். வழியை மறித்துக் கிடக்கும் மரத்தை நாமே அறுத்துவிடலாம் என்று புது மிஷின் வாங்கி இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்போவது தரையில் படுத்துக் கிடக்கும் மரத்தைத் துண்டு போடுவது பற்றி மட்டும்தான். நிற்கிற மரத்தைச் சாய்ப்பது, பக்கத்து மரத்தில் மாட்டித் தொங்குவதை இறக்குவது, ஏணி போட்டு ஏறிக் கிளை கழிப்பது ஆகிய மூன்றும் புதியவர் செய்யும் வேலை இல்லை. எத்தனை நாள் ஆனாலும் சரி, அதற்குத் தெரிந்த ஆள் வரும்வரை காத்திருங்கள்.

1. உடம்பில் என்ன இருக்க வேண்டும்

வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, ரப்பர் செருப்பு எதுவும் கூடாது. தொங்குகிற எதையும் செயின் இழுத்துக்கொள்ளும். முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்த ஷூ, வலை முகமூடியோடு ஹெல்மெட், காதுக்கு மூடி, கையுறை. மிஷின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். பஞ்சு வைத்துச் சமாளிக்க முடியாது.

பலர் வாங்காமல் விடுவது செயின் சாவுக்கென்றே வரும் பாதுகாப்புப் பேண்ட். மேல்துணிக்குள் நீளமான நார்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஓடுகிற செயின் தொடையில் பட்டால் துணி கிழிந்து, உள்ளே இருக்கும் நார்கள் உருவப்பட்டு, செயினை ஓட்டும் பல்சக்கரத்தில் சுற்றி அதை நிறுத்திவிடும். ஜீன்ஸ் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இதைச் செய்யாது. மிஷினுக்குச் செலவழித்த பணத்தில் ஒரு பங்கை இதற்கும் ஒதுக்குங்கள் என்று கெஞ்சியே கேட்பேன்.

2. மிஷினைத் தயார் செய்வது

பெட்ரோலில் டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) கலக்க வேண்டும். பல மிஷின்களுக்கு லிட்டருக்கு 20 மில்லி, சிலவற்றுக்கு 40 மில்லி; உங்கள் மிஷினோடு வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. செயின் ஆயில் தனி டேங்க், அதையும் நிரப்புங்கள். பெட்ரோல் ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணாமல் குறைந்தது 3 மீட்டர் தள்ளிப் போங்கள். சூடாக இருக்கும் இன்ஜினில் பெட்ரோல் ஊற்றவே கூடாது.

செயின் சுற்றி ஓடும் நீளமான தகட்டுக்குப் பெயர் ‘பார்’. செயின் அந்தப் பாரின் அடியில் தொங்கக் கூடாது. ஆனால் இன்ஜின் நின்றிருக்கும்போது கையுறை போட்ட கையால் இழுத்தால் ஓட வேண்டும். புதுச் செயின் முதல் சில நிமிடங்களிலேயே தளரும் என்பதால் நடுவில் நிறுத்தி மறுபடி பாருங்கள்.

3. ஸ்டார்ட் பண்ணும்போது

மிஷினைச் சமதரையில் வையுங்கள். முன்கைப்பிடிக்கு எதிரில் உள்ள மட்டையை முன்னால் தள்ளினால் செயின் பிரேக் விழும். பிரேக் போட்ட பிறகு, இடது கையால் முன்கைப்பிடியை அழுத்தி, வலது கால் ஷூவின் நுனியைப் பின்கைப்பிடிக்குள் நுழைத்து மிதித்துக்கொண்டு, வலது கையால் கயிற்றை இழுங்கள். ஒரு கையில் மிஷினைத் தொங்கவிட்டு, கீழே உதறியபடியே கயிற்றை இழுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பழகாதீர்கள். அந்த உதறலில் பார் உங்கள் காலுக்கு மிக அருகில் வருகிறது.

ஸ்டார்ட் ஆனதும் இரண்டு சோதனை. ஆக்சிலரேட்டரை விட்டால் செயின் ஓடாமல் நிற்க வேண்டும். முறுக்கிவிட்டு பிரேக் மட்டையைத் தட்டினால் உடனே நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் மெக்கானிக்கிடம் போங்கள், மரத்திடம் போகாதீர்கள்.

4. பார் நுனி

முழு வேகத்தில் செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. பாரின் மேல்பக்கம் முன்னோக்கிப் போய், நுனியில் திரும்பி, அடிப்பக்கம் உங்களை நோக்கி வருகிறது. அந்தத் திருப்பத்தில், நுனியின் மேல் பாதியில் ஏதாவது பட்டால் பல் மரத்தை அறுக்க முடியாமல் கவ்வும். செயினின் வேகம் முழுதும் பார் மேல் திரும்பும். பார் மேலே எகிறி உங்கள் முகத்துக்கோ கழுத்துக்கோ வரும். கண் இமைக்கும் நேரம்கூட இருக்காது. சுதாரித்துத் தடுத்துவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரேக் மட்டை முன்னால் இருப்பதே இதற்காகத்தான். மிஷின் எகிறும்போது உங்கள் இடது மணிக்கட்டு அதில் மோதிப் பிரேக் விழும்.

அதனால்தான் பிடி முக்கியம். இடது கையின் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி அடியில் பூட்டியிருக்க வேண்டும். மற்ற விரல்களோடு சேர்த்து மேலேயே வைத்தால், எகிறும்போது கை வழுக்கிவிடும். எப்போதும் இரண்டு கை. தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது. பார் போகும் கோட்டுக்கு நேர் பின்னால் தலையை வைக்காமல், சற்று இடப்பக்கம் தள்ளி நில்லுங்கள். நீங்கள் அறுக்கும் கட்டைக்குப் பின்னால் இன்னொரு கட்டையோ கிளையோ ஒளிந்திருந்து நுனியில் இடிப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. குவியலாகக் கிடக்கும் கிளைகளை முதலில் கையால் இழுத்துப் பிரித்துப் போடுங்கள்.

5. மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள்

மிஷினை அணைத்துவிட்டு மெதுவாக ஒரு சுற்று. கரண்ட் கம்பி கிளைக்கடியில் கிடக்கிறதா? கிடந்தால், மின்வாரிய ஆள் வந்து லைனை நிறுத்தியதை உறுதி சொல்லும்வரை கிட்டே போகக் கூடாது. சாலையோர மரமென்றால் விளம்பரப் பலகை அடித்த ஆணி இருக்கும். வேலி மரமென்றால் முள்கம்பி பட்டைக்குள் புதைந்திருக்கும். தென்னையில் மண் ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள், செயின் மழுங்காது.

வேரோடு பெயர்ந்த மரத்தில் பயப்பட வேண்டியது தூரைத்தான். மண்ணோடு பெயர்ந்த வேர் ஒரு சுவர்போல எழுந்து நிற்கும். அதைச் சாய்த்துப் பிடித்திருப்பது தண்டின் எடை மட்டுமே. தண்டை அறுத்ததும் தூர் சட்டென்று நிமிர்ந்து குழிக்குள் திரும்ப உட்காரலாம், இல்லை உங்கள் பக்கமே சரியலாம். நுனியிலிருந்து துண்டு போட்டு வரும்போதும் எடை குறையக் குறைய இது எந்த வெட்டிலும் நடக்கலாம். அந்தக் குழி பிள்ளைகளுக்கு விளையாட்டு இடம். முதலில் அவர்களை அங்கிருந்து விரட்டுங்கள். தண்டின் மேல் ஏறி நிற்காதீர்கள். தூரை ஒட்டிய வெட்டை நீங்கள் போடவே வேண்டாம். சில மீட்டர் தண்டைத் தூரோடு விட்டுவிடுங்கள். ஜேசிபி வரும்போது பக்கெட்டால் தூரைப் பிடித்துக்கொண்டு தெரிந்தவர் அறுக்கட்டும்.

தண்டுக்கடியில் மாட்டி வில்லாக வளைந்திருக்கும் சிறு கிளைகளும் அப்படித்தான். அறுத்த கணம் விசிறி அடிக்கும். அவற்றையும் தொடாமல் விட்டுவிடுங்கள்.

6. எந்தப் பக்கம் முதலில் அறுப்பது

கிடக்கிற மரத்தில் ஒரு பக்கம் அமுங்கியிருக்கும், எதிர்ப்பக்கம் இழுபட்டிருக்கும். முழுக்க அமுங்கிய பக்கத்திலிருந்தே அறுத்தால் வெட்டு வாய் மூடிப் பாரைக் கவ்விக்கொள்ளும். முழுக்க இழுபட்ட பக்கத்திலிருந்தே அறுத்தால் பாதியில் மரம் பிளந்து அடிக்கும்.

இரண்டு முனையும் தாங்கி நடுப்பகுதி அந்தரத்தில் இருந்தால், மேற்பக்கம் அமுங்கியிருக்கிறது. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். அப்புறம் அடியிலிருந்து மேல்நோக்கி வந்து முடியுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை நீட்டிக்கொண்டிருந்தால் தலைகீழ்: அடியில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. அடியிலிருந்து அறுக்கும்போது பாரின் மேல்விளிம்பு வேலை செய்வதால் மிஷின் உங்களைப் பின்னால் தள்ளும். கால்களை அகட்டி ஊன்றி நில்லுங்கள். சரிவான இடத்தில் எப்போதும் மேட்டுப் பக்கம் நிற்க வேண்டும், கட்டை பள்ளத்துக்கு உருளும்.

வெட்டு வாய் மூடுவது தெரிந்தால் உடனே நிறுத்தி, வெட்டு வாயில் பாருக்குப் பின்பக்கம் ஒரு மர ஆப்பையோ பிளாஸ்டிக் ஆப்பையோ தட்டுங்கள். பார் மாட்டியே விட்டால், இன்ஜினை அணைத்த பிறகுதான் எடுக்க முயல வேண்டும். முறுக்கிக்கொண்டே பிடுங்காதீர்கள்.

சிம்பு சிம்பாக விழாமல் நைசான தூளாக விழுந்தால் செயின் மழுங்கிவிட்டது. தென்னையில் இது சீக்கிரமே நடக்கும். அழுத்தி அறுக்காமல், நிறுத்தி உருண்டை அரத்தால் தீட்டுங்கள். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் உள்ள சின்ன மேட்டை மட்டும் இஷ்டத்துக்கு ராவிவிடாதீர்கள், மிஷின் எகிறுவது கூடும். கை நடுங்க ஆரம்பித்தால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

7. கூட ஒரு ஆள்

தனியாக அறுக்காதீர்கள். கூட இருப்பவர் கட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்; தள்ளி நின்று பார்த்தால் போதும். அவரிடம் போனும், சுத்தமான துணியும், 4 செ.மீ. அகலமாவது உள்ள பட்டைத் துணி ஒன்றும் இருக்கட்டும்.

காயம் பட்டால் துணியை வைத்து விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்க்கக் கூடாது. காப்பித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். கையிலோ காலிலோ ரத்தம் பீய்ச்சி அடித்து, அழுத்தியும் நிற்கவில்லை என்றால், காயத்துக்கு நாலைந்து விரற்கடை மேலே, மூட்டின் மீது படாமல் பட்டைத் துணியைக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரி போகும்வரை அவிழ்க்கக் கூடாது. 108-க்குச் சொன்னதும் மெயின் ரோட்டில் ஒருவரை நிறுத்துங்கள்; மரம் விழுந்த ஊரில் எந்த வழி திறந்திருக்கிறது என்று வண்டிக்குச் சொல்ல ஆள் வேண்டும்.