திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவது எப்படி?

ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர் போன் போட்டு "ரிக் வண்டி என்ன விலை?" என்று கேட்டால் உடனே விலை சொல்லாதீர்கள். முதலில் அவர் ஊர் மண்ணைப் பற்றிக் கேளுங்கள். உகாண்டாவில் பெரும்பாலான இடங்களில் நம் ஊர் மாதிரியே கெட்டிப் பாறைதான், அங்கே நம்முடைய டிடிஎச் வண்டி, அதாவது கம்ப்ரசர் காற்றில் ஹேமர் அடித்துக்கொண்டே இறங்கும் வண்டி, தாராளமாக ஓடும். அதையே மொசாம்பிக் கடலோர மணலில் நிறுத்தினால் குழி சரிந்து துளையிடும் ராடு மாட்டிக்கொள்ளும். அங்கே சேற்றுக் குழம்பைக் குழிக்குள் செலுத்தும் மட் பம்ப் வைத்த, சுற்றித் துளைக்கும் ரோட்டரி வண்டி வேண்டும். இதைக் கேட்காமல் விற்றால் வண்டி ஒரு மூலையில் நிற்கும், உங்கள் பெயரும் அதோடு போகும்.

அப்புறம் ஸ்டியரிங். கென்யா, தான்சானியா, உகாண்டா, ஜாம்பியா எல்லாம் நம்மைப் போல சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், நம் லாரியே போதும். நைஜீரியா, கானாவில் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், அதனால் இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள சேஸிஸாகச் சொல்லி வாங்க வேண்டும். பிஎஸ்6 (புது மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) லாரியை அனுப்பும் முன், புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் டிஇஎஃப் திரவமும் கந்தகம் குறைந்த டீசலும் அங்கே கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

பேப்பர் வேலையில் ஐஇசி எண், அதாவது ஏற்றுமதி இறக்குமதிக்கான அடையாள எண், எடுப்பது சுலபம், டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) இணையதளத்தில் 500 ரூபாய் கட்டினால் போதும், ஆனால் வருடாவருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பிக்க மறக்காதீர்கள். ஜிஎஸ்டியில் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் போட்டுவிட்டால் வரி கட்டாமலே அனுப்பலாம். லாரி மேல் ஏற்றிய ரிக்குக்கு எச்எஸ் கோடு (சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் எண்) 8705 20, சங்கிலிப் பட்டையில் நகரும் கிராலருக்கு 8430 41, ரிக் உதிரிபாகங்களுக்கு 8431 43. கோடு மாறினால் அங்கே வரியும் மாறும், ஆகவே வாங்குபவரின் கிளியரிங் ஏஜெண்டிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கென்யாவுக்கு என்றால் சரக்கு கிளம்பும் முன்பே பிவிஓசி என்ற தரச் சோதனை முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

பணத்துக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு பங்கு அட்வான்ஸ், மீதிக்கு எல்சி, அதாவது பேப்பர் எல்லாம் சரியாக இருந்தால் பணம் தருகிறேன் என்று வாங்குபவரின் பேங்க் கொடுக்கும் உறுதிக் கடிதம். எல்சி வந்ததும் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். ஒருமுறை எங்கள் இன்வாய்ஸில் சேஸிஸ் எண்ணில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 'ஓ' விழுந்துவிட்டது. வண்டி துறைமுகம் சேர்ந்த பிறகும் பேங்க் பணம் தரவில்லை, திருத்தி முடிப்பதற்குள் தூக்கமே போச்சு.

ஏற்றும்போது ரிக்கின் உயரமான கம்பமான மாஸ்டைப் படுக்கவைத்து, நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களைக் கழற்றித் தனியே கட்டுங்கள். வண்டியை ஓட்டியே ஏற்றி இறக்கும் ரோரோ கப்பலில் வாடகை பெரும்பாலும் கன மீட்டர் கணக்கு, உயரம் குறைந்தால் காசு மிச்சம். ராடு மரைக்கு நிறைய கிரீஸ் தடவி மூடி போடுங்கள், உப்புக்காற்று விடாது. மரப்பெட்டியில், பூச்சி வராமல் மரத்தைப் பதப்படுத்தியதற்கான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

உதிரிபாகத்தில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். டிஎச்டி 360 வகை ஹேமரில் க்யூஎல் 60 வகை பிட் (பாறையை உடைக்கும் முனை) உட்காராது, அங்கே எந்த ஷாங்க், அதாவது ஹேமருக்குள் நுழையும் அடிப்பாகம், உள்ள பிட் கிடைக்கிறது என்று கேட்டு அதற்கேற்ற ஹேமரையே கொடுங்கள். ஓ-ரிங், ஹோஸ், ஃபில்டர் எல்லாம் வண்டியோடு போகட்டும்.

ஓட்டிக் காட்ட நம் டிரில்லரையும் அனுப்புவீர்கள், சரி. அவர் கிளம்ப 10 நாளுக்கு முன்பே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அந்தத் தடுப்பூசி அட்டை இல்லாமல் கென்யாவிலிருந்தோ உகாண்டாவிலிருந்தோ திரும்பி வந்தால் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.