தை மழைக்கு முன்னாடி வைக்கோலை ரோல் கட்டி எடுக்கிறது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கம் பெரும்பாலும் கண்மாய்த் தண்ணியை நம்பி ஒரு போகந்தான், அதனால இந்த அறுப்புல கிடைக்கிற வைக்கோல்தான் மாட்டுக்கு அடுத்த தை வரைக்கும். நனைஞ்சு கருத்துப்போச்சுன்னா மாடு மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும். டிராக்டர் ஓட்டவும், வைக்கோலை ரோலா கட்டுற மிஷினான பேலரை மாட்டவும் தெரியும்னு வச்சுக்கிட்டே சொல்றேன்.

முதல்ல வானம். மார்கழியோட மழை முடிஞ்சுரும்னு நம்பாதீங்க, 2021 ஜனவரில கொட்டுனது ஞாபகம் இருக்கும்ல. மேகதூத்ங்கிற அரசாங்க வானிலை ஆப்ல செவ்வாயும் வெள்ளியும் மாவட்டத்துக்கு விவசாய அறிவுரை வரும், அதைப் பார்த்துட்டு அறுப்பு மிஷினுக்கும் பேலருக்கும் ஒண்ணா சொல்லி வச்சுருங்க. அறுத்துப் போட்டுட்டு பேலர் தேடுனா ஊரே அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கும்.

அடுத்து வைக்கோல் காயுறது. மேல பார்த்தா பொன்னாட்டம் இருக்கும், அடியில ஈரம். வரிசைக்கு அடியில கையை விட்டு ஒரு பிடி எடுத்து முறுக்குங்க, மொறுமொறுன்னு ஒடிஞ்சா கட்டலாம், சில்லுன்னு வளைஞ்சா புரட்டி விடுங்க. பனி காலம், வெயில் நல்லா ஏறாம பேலரை இறக்காதீங்க.

இப்ப, எல்லாரும் மாட்டிக்கிற இடம்: நூல் சுத்துறது. ரோல் நிறைஞ்சதும் வண்டி நிக்கணும், ஆனா பிடிஓ (டிராக்டருக்குப் பின்னாடி பேலரைச் சுத்த வைக்கிற தண்டு) நிமிஷத்துக்கு 540 சுத்துலயே ஓடிக்கிட்டு இருக்கணும், அப்பத்தான் ரோல் உள்ள சுத்தி நூலை இழுக்கும். டபுள் கிளட்ச் வண்டில பாதி மிதிச்சா வண்டி மட்டும் நிக்கும், முழுசா மிதிச்சா பிடிஓவும் நின்னுரும், பதட்டத்துல கால் அடிவரைக்கும் போயிரும், ரோல் சுத்தாது, நூல் பிடிக்காது, நம்ம மிஷின் கோளாறுன்னு மெக்கானிக்குக்குப் போன் போட்டுக்கிட்டு இருப்போம். சிங்கிள் கிளட்ச்னா மிதிச்சாலே ரெண்டும் நிக்கும், அதனால உடனே நியூட்ரல் போட்டு கிளட்ச்சை விட்டுருங்க. அப்பவும் பிடிக்கலன்னா நூல் டென்ஷன் ரொம்ப இறுக்கமா, முனை குட்டையா இருக்கான்னு பாருங்க. நூல் நமக்கு சணல்தான், பிளாஸ்டிக் நூல் மாட்டு வயித்துக்குள்ள போனா வைத்தியம் பார்த்து மாளாது.

ஷியர் போல்ட் உடையுதுன்னு கடுப்பாகாதீங்க, லோடு கூடுனா மத்ததைக் காப்பாத்த அது உடையிறதுக்குத்தான் வச்சுருக்கான். அதுக்குப் பதிலா கெட்டி போல்ட்டை மாட்டி விடுற ஆளுங்க இருக்காங்க, அப்புறம் கியர்பாக்ஸ் போகும். அதே சைஸ் ஷியர் போல்ட், வைக்கோலை வாரி எடுக்கிற பிக்கப் பல்லு, செயின் லிங்க், கிரீஸ் கன் எல்லாம் முன்கூட்டியே வாங்கிருங்க, பொங்கலுக்கு ஸ்பேர் கடை பூட்டிக் கெடக்கும், சிராவயல் மஞ்சுவிரட்டு அன்னைக்கு ஆளும் சிக்காது. வைக்கோல் அடைச்சா என்ஜினை நிறுத்தி சாவியைப் பையில போட்டுட்டுத்தான் கையை விடணும். மேகம் கருக்குதேன்னு ஓட ஓட இழுத்து கை போனவங்க உண்டு.

ரோலை அடுக்குற படப்புக்கு (வைக்கோல் போர்) கீழ கல்லைப் பரப்பிருங்க. தார்பாய் தலைக்கு மட்டும் போதும், பக்கத்துல காத்து போகட்டும்.

அப்டேட்: தூறல்ல நனைஞ்ச ரோலை அப்படியே அடுக்கலாமான்னு கமெண்ட்ல கேட்டிருந்தாங்க. வேணாம், தனியா வைங்க. கம்பி ஒண்ணை நடுவுல சொருகி கொஞ்ச நேரம் விட்டு உருவிப் பாருங்க, வெதுவெதுப்பா இருந்தா பிரிச்சுக் காயப் போடலாம். கை வைக்க முடியாத சூடுன்னா படப்புப் பக்கமே கொண்டு போகாதீங்க, வெட்ட வெளில தண்ணி பக்கத்துல வச்சுக்கிட்டுப் பிரிங்க, உள்ள கனன்ற வைக்கோல் காத்து பட்டதும் பத்திக்கும்.