கடுக்காய் நச்சை முறித்ததா?

போன வாரம் எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு டியூபோடு ஓடி வந்தாள். "அக்கா, கடுக்காய்ச் சாறு நச்சை முழுசா அடக்கிடுச்சு!" அடியில் பழுப்புப் படிவு, மேலே தெளிந்த நீர். இதே போல ஒரு டியூபைத் தூக்கிக்கொண்டு நானும் ஓடியிருக்கிறேன். மூலிகைச் சாறு நச்சை முறிக்கிறதா என்று பார்க்கும்போது நாம் ஏமாறும் இடங்களைத்தான் சொல்லப் போகிறேன்; கையுறை, லேபிள் சமாசாரங்களை விட்டுவிடுகிறேன்.

துவர்ப்பை முறிமருந்து என்று நம்புவது

ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் ஆல்ஃபா நச்சு, ஏழு மூலக்கூறாகக் கூடி சிவப்பணுவின் சவ்வில் ஓட்டை போடும். அணு உடைந்து ஹீமோகுளோபின் வெளியே கசியும். சென்ட்ரிஃப்யூஜில் வேகமாகச் சுற்றி, உடையாத அணுக்களை அடியில் படியவைத்து, மேல்நீரின் சிவப்பை 540 நானோமீட்டர் ஒளியில் அளப்போம். சிவப்பு குறைந்தால் நச்சு அடங்கியது என்று கணக்கு.

கடுக்காயிடம் இந்தக் கணக்கு உதைக்கும். அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏராளம். டானின் புரதத்தைக் கண்டால் பிடித்துத் திரட்டிவிடும். தோல் பதனிடக் கடுக்காய் போடுவதே அதற்காகத்தான். வெளியே வந்த ஹீமோகுளோபினும் புரதம்தானே? அதுவும் திரண்டு அடியில் போய் உட்காரும். அணு உடைந்தே இருக்கும், ரீடிங் மட்டும் குறையும்.

எனக்கு இதில் மூன்று மாதமும் நிறைய முயல் ரத்தமும் போயின. (மனித சிவப்பணு இந்த நச்சுக்கு லேசில் மசியாது.) கிராஃப் போட்டு ஸ்லைடு வரை போன பிறகு வழிகாட்டி கேட்டார்: "நச்சே போடாம பண்ணிப் பாத்தியா?" அணுக்களை வெறும் தண்ணீரில் உடைத்து, அப்புறம் சாறு விட்டுச் சுற்றினேன். அதே பழுப்புப் படிவு, அதே தெளிந்த நீர். ஒரு மணி நேர வேலை அது. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

இந்தக் கன்ட்ரோலை, அதாவது நச்சில்லாத ஒப்பீட்டுச் சோதனையை, முதல் நாளே போடுங்கள். நச்சும் சாறும் உள்ள இன்னொரு டியூபில் ஆல்புமின் என்ற சாதாரணப் புரதத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆல்புமின் சேர்ந்ததும் சாற்றின் வேலை நின்றுவிட்டால், அது நச்சைத் தேடிப் போகவில்லை, கைக்குச் சிக்கிய புரதத்தைப் பிடித்திருக்கிறது.

கிருமி செத்ததை நச்சு முறிந்ததாக எழுதுவது

நச்சுக்குப் பதில் கிருமியையே சாற்றோடு வளர்த்துப் பார்த்தால், கிருமி செத்தாலும் சிவப்பு குறையும், நச்சைச் சுரப்பது குறைந்தாலும் குறையும். கிராம்பில் உள்ள யூஜெனால் குறைந்த அளவில் இரண்டாவதைத்தான் செய்கிறது. முறிவைப் பார்க்க, சுத்திகரித்த நச்சை மட்டும் எடுங்கள்.

முன்கூட்டியே ஊறவைப்பது

நச்சையும் சாற்றையும் அரை மணி நேரம் கலந்து வைத்துவிட்டு அணுக்களில் ஊற்றினால் டானின் உள்ள எதுவும் ஜெயிக்கும். உடம்பில் அப்படி யார் கலந்து வைக்கிறார்கள்? நச்சை முதலில் விட்டும் ஒரு முறை பாருங்கள்.

குர்குமின்

மஞ்சளில் உள்ள இந்தப் பொருள் ஏறக்குறைய எல்லாச் சோதனையிலும் பாஸாகும்; சோதனையையே குழப்பிவிடும். அதனாலேயே நம்பாதீர்கள்.

டிஎம்எஸ்ஓ

தண்ணீரில் கரையாத பொருளைக் கரைக்கும் திரவம் இது. மருந்தில்லாமல் இந்தக் கரைப்பானை மட்டும் விட்ட டியூப் எங்கே?